கண்புரை அறுவை சிகிச்சை நாளில் காத்திருப்பதே பெரும்பகுதி

கண்புரை அறுவை சிகிச்சை பெரும்பாலும் கால் மணி, அரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது. ஆனாலும் அதற்காக அரை நாள் மருத்துவமனையில் உட்கார வேண்டியிருப்பது ஏன் என்று அம்மாவுக்குத் துணையாகச் சென்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

முதலில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கிறார்கள். அவை மிகவும் கூடியிருந்தால் அறுவையைத் தள்ளிவைப்பதும் உண்டு. வழக்கமான மாத்திரைகளில் எதைச் சாப்பிட வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்பதை, குறிப்பாக இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைப் பற்றி, முன்னரே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கண் மரத்துப்போக மட்டும் மருந்து தருவதால் பல மருத்துவமனைகள் இலேசான காலை உணவை அனுமதிக்கின்றன. மயக்க மருந்து என்றால் வெறும் வயிறு கட்டாயம். பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்று சர்க்கரை நோயாளிகள் பட்டினியாகக் கிளம்பி வருவது ஆபத்து.

பிறகு கண்மணி விரிவதற்கான சொட்டு மருந்தைச் சிறிது நேர இடைவெளியில் திரும்பத் திரும்ப விடுகிறார்கள். காத்திருப்பில் பெரும்பகுதி இதற்கே போகிறது. இதற்கிடையே, "உங்க பேரு என்னம்மா? எந்தக் கண்ணு?" என்று ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு செவிலியர் கேட்பார்கள். "எத்தனை தடவை சொல்வது?" என்று அம்மா சலித்துக்கொண்டார். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல், கத்தி வைப்பதற்கு முன் ஆளையும் அறுவை செய்யும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்லி உறுதிப்படுத்தச் சொல்கிறது. புரையை எடுத்தபின் உள்ளே வைப்பதற்காக அந்தக் கண்ணுக்கென்று அளந்து குறித்த செயற்கை லென்ஸின் பவர் பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். எனவே, கேள்விகள் குறைவாக இருந்தால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

உள்ளே நோயாளி விழித்தே இருப்பார். போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியால் கண்ணைச் சுத்தம் செய்து, முகத்தைத் துணியால் மூடி, கண்ணுக்கு மட்டும் திறப்பு விடுகிறார்கள். மூச்சு முட்டுமோ என்ற பயம் பலருக்கும் வருவது அப்போதுதான். வலி பொதுவாக இருக்காது. பளிச்சென்ற விளக்கொளியும், தண்ணீர் வழிவதும், சற்று அழுத்துவதும், இயந்திரத்தின் ஓசையும் தெரியும். பேகோ என்னும் முறையில் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் கீறல் வழியே புரையை மீயொலியால் உடைத்து உறிஞ்சியெடுத்து, மடித்த லென்ஸை உள்ளே விரிக்கிறார்கள். தையல் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. இருமல் வந்தால் தலையை அசைக்காமல் முதலில் வாயால் சொல்லிவிட வேண்டும்.

வெளியே வந்ததும் பார்வை மங்கலாகவே இருக்கும். அன்றே பளிச்சென்று தெரியும் என எதிர்பார்த்தால் ஏமாற்றந்தான். கண்ணைத் தேய்க்கக்கூடாது, தூங்கும்போது காப்பு மூடி வேண்டும், மறுநாள் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். சொட்டு மருந்து சில வாரங்களுக்குத் தொடரும் என்பதால், அதை விடுவதற்கு வீட்டில் ஒருவரை முதலிலேயே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. வலி கடுமையானாலோ, சிவப்பு கூடினாலோ, தெரிந்த பார்வை குறைந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.