சீக்ராம் கட்டடமும் அதன் முன்னுள்ள வெறுந்தளமும்

நியூயார்க்கின் பார்க் அவென்யூவில் உள்ள சீக்ராம் கட்டடத்தைப் படமெடுக்கச் சொல்லிக் கேட்பவர்கள் பெரும்பாலும் அதன் உயரத்தைத்தான் கேட்கிறார்கள். 38 மாடி, 157 மீட்டர். இன்றைய மன்ஹாட்டனில் இதெல்லாம் ஓர் உயரமா?

அதன் பெருமை முன்னால் கிடக்கும் வெறுந்தளத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. 1958-இல் முடிந்த இக்கோபுரத்தை, அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ தெருவிலிருந்து ஏறத்தாழ 27 மீட்டர் உள்ளே தள்ளி நிறுத்தினார். அடி நிலத்துக்கும் அடித்துக்கொள்ளும் ஊரில், சீக்ராம் என்ற மதுபான நிறுவனம் கிரானைட் தளமும் இரண்டு நீர்த்தொட்டிகளும் போட்டு மிச்சத்தை வெறுமையாக விட்டுவைத்தது. முதலாளியின் மகள் ஃபிலிஸ் லாம்பர்ட், முதலில் வந்த வரைபடம் பிடிக்காமல் தந்தைக்கு நீண்ட கடிதம் எழுதியிராவிட்டால் மீஸ் அங்கே வந்தேயிருக்க மாட்டார். 1961-இல் நகரம் தன் கட்டட விதிகளையே மாற்றி, இப்படித் திறந்தவெளி விடுபவர்களுக்குக் கூடுதல் தளப்பரப்பை அனுமதித்தது. அந்தச் சலுகைக்காகவே பிறகு முளைத்த வெளிகள் பலவற்றில் உட்காரக்கூட மனம் வராது. அது வேறு கதை.

வெறுமையைப் படமெடுப்பதுதான் பாடு. அகலக்கோண லென்ஸ் போட்டால் தளம் மைதானமாக விரிந்து, கட்டடம் பின்னுக்கு ஓடிவிடுகிறது. எதிர்ச்சாரியில் நின்று, கேமராவைச் சாய்க்காமலே மேலே கீழே நகர்த்தக்கூடிய ஷிப்ட் லென்ஸை மேலே நகர்த்தினால் செங்குத்துக் கோடுகள் சாயாமல் நிற்கும். ஆனால் உச்சி உள்ளே வர வர, அடியில் தளம் வெட்டுப்பட்டுக்கொண்டே போகும். உயரமா, தரையா என்று அங்கேயே முடிவு செய்தாக வேண்டும்.

முகப்பு மேற்கு பார்த்தது. காலையில் நிழலில் கிடந்து, பிற்பகலில்தான் அதன் வெண்கலம் உயிர்பெறும். கேமராவின் தானியங்கி நிறச் சமநிலையை நம்பினால், அந்தப் பழுப்பைப் பிழையென்று எண்ணிச் சாம்பலாக்கிவிடும். நேர் எதிரே நின்றால் தெரிவது கண்ணாடி. பக்கவாட்டில் நகர்ந்தால் வெளியே ஒட்டிய வெண்கல உத்தரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கண்ணாடியையே மறைத்துவிடும். அவை எந்தச் சுமையையும் தாங்குபவை அல்ல. தாங்கும் எஃகு, தீப்பாதுகாப்புக்காகக் கான்கிரீட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. அலங்காரத்தை வெறுத்த மரபின் தலைமகன் செய்த அலங்காரம் இது. எனக்குப் பிடித்த முரண்.

அந்திப் படத்துக்கு டிசம்பரே உகந்தது. நாலரை மணிக்கே பொழுது சாய்கிறது, அலுவலகங்களில் ஆட்கள் இருக்கிறார்கள், விளக்குகள் எரிகின்றன. கோடையில் அந்தி வானம் கருநீலமாகும்போது பாதி மாடிகள் இருண்டிருக்கும். சன்னல் மறைப்புகள் முழுத் திறப்பு, பாதி, முழு மூடல் என்ற மூன்று நிலைகளில் மட்டுமே நிற்கும்படி மீஸ் செய்திருந்தார். வாடகைதாரர்கள் அவரைத் திட்டியிருக்கக்கூடும், நான் வாழ்த்துகிறேன்.

ஒரு பத்திரிகைக்குத் தளம் பாதியும் கட்டடம் பாதியுமாக ஒரு படம் அனுப்பினேன். பக்கத்தில் இடமில்லை என்று தளத்தை வெட்டிவிட்டு அச்சிட்டார்கள். இப்போதெல்லாம் வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே, எத்தனை பத்தி அகலம் தருவீர்கள் என்று கேட்டுவிடுகிறேன்.