கோரிகாஞ்சா: மேலே சர்ச், கீழே சூரியன் கோயில்

பெருவுல குஸ்கோ போறவங்க கவனிங்க. ஸ்பானியருக்கு முன்னாடி இங்க ஆண்ட இன்கா மக்களோட சூரியன் கோயில்தான் கோரிகாஞ்சா, அதுமேல ஸ்பானியர் கட்டினதுதான் சாந்தோ தொமிங்கோ சர்ச்சும் மடமும். ஊர் சுத்த வாங்குற பொது டூரிஸ்ட் டிக்கெட் இந்த மடத்துக்குள்ள செல்லாது, தனிச் சீட்டு எடுக்கணும். தோட்டத்துக்கு அடியில இருக்குற சின்ன மியூசியத்துக்கு மட்டும் அந்தப் பொது டிக்கெட் போதும், குழப்பமே இங்கதான்.

உள்ளே போனா ஓவியத்தை விட்டுட்டுச் சுவரைப் பாருங்க. சாந்தே கிடையாது, கல்லோடு கல் இழைச்சுப் பொருத்தினது. சுவர் உள்பக்கமா லேசாச் சாயும், வாசலும் மாடமும் மேலே போகப் போகக் குறுகும். 1650லயும் 1950லயும் நிலநடுக்கம் வந்து ஸ்பானியர் கட்டினது சரிஞ்சது. இன்கா சுவர் அசையல. பின்னாடி எழுப்பின சுவர்கள் மறைச்சு வெச்சிருந்த பலதும் 1950க்கு அப்புறம்தான் வெளியே தெரிஞ்சது.

சர்ச்சைத் தாங்குற அந்த வளைஞ்ச சுவரைத் தெருவுல நின்னே பார்க்கலாம், காசு வேண்டாம். ஊர் 3,400 மீட்டர் உயரம். முதல் நாளே வேகமா நடந்தா மூச்சு வாங்கும், தலைவலியும் வரலாம்.