கேட் ஏரோஸ்பேஸ்: நாசில் கேள்விக்கு முதலில் ஒரு கோடு

கேட் நுழைவுத் தேர்வின் ஏரோஸ்பேஸ் (வான்வெளிப் பொறியியல்) தாளுக்கு முடிவு வந்து, எம்.டெக். சேர்க்கைக்குப் போதுமான மதிப்பெண் கிடைத்துவிட்ட நிம்மதியில் இதை எழுதுகிறேன். தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததே என்பதால் நேராக நாசிலுக்கு, அதாவது வாயுவை வேகப்படுத்தி வெளியேற்றும் குழாய்க்கு, வருகிறேன்.

குவி-விரி நாசில் (குறுகிப் பிறகு விரிவது) கேள்வி வந்தால், சூத்திரத்தைத் தொடும் முன் பின்னழுத்தத்துக்கு (நாசிலுக்கு வெளியே உள்ள அழுத்தம்) ஒரு எண்கோடு வரையுங்கள். காமா (வாயுவின் வெப்ப ஏற்பு விகிதம்) 1.4, வெளிவாய்ப் பரப்பு த்ரோட்டைப் (நாசிலின் மிகக் குறுகிய இடம்) போல இரு மடங்கு என்று கொள்வோம். பின்னழுத்தத்தைத் தேக்க அழுத்தத்தால் (வாயு ஓய்வில் இருக்கும்போதுள்ள அழுத்தம்) வகுத்து வரும் எண் 0.937-க்கு மேல் இருக்கும்வரை ஓட்டம் முழுவதும் ஒலிவேகத்துக்குக் கீழேதான். 0.937-க்கும் 0.513-க்கும் இடையில் விரிபகுதிக்குள் நேர் அதிர்ச்சி அலை (ஓட்டத்துக்குச் செங்குத்தாக, அழுத்தம் திடீரென எகிறும் மெல்லிய தளம்) நிற்கும், அதற்கும் கீழே போனால் அது வாயைத் தாண்டிச் சாய்வலையாக மாறும், 0.094-இல் வடிவமைப்பு நிலை, அதற்கும் கீழே போனால் வெளியே விரிவலைகள். 0.528-ஐ வைத்து ‘சோக்’ (த்ரோட்டில் ஒலிவேகத்தை எட்டி, பின்னழுத்தத்தைக் குறைத்தாலும் ஓட்ட அளவு கூடாத நிலை) ஆகிவிட்டதா என்று பார்ப்பது குவி நாசிலுக்கு மட்டுமே பொருந்தும், இங்கே 0.937-இலேயே த்ரோட் சோக் ஆகிவிடுகிறது. பணம் கட்டிப் படித்த பயிற்சி மையத்தின் குறிப்பேட்டில் இது ஒரு வரிகூட இல்லை என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

2024 நவம்பரில் மகேந்திரகிரியில் இஸ்ரோ தன் சிஇ-20 கிரையோஜெனிக் (மிகக்குளிர் திரவ எரிபொருள்) ராக்கெட் எஞ்சினைத் தரைமட்டச் சூழலில் இயக்கிச் சோதித்ததையும் இந்தக் கோட்டோடு வைத்துப் பாருங்கள். பரப்பு விகிதம் 100, வெளிவாயில் அழுத்தம் ஏறத்தாழ 50 மில்லிபார், வெளியிலோ ஒரு பார். இந்த நிலையில் ஓட்டம் சுவரை விட்டுப் பிரிந்து நாசிலை உலுக்கும் என்பதால்தான் அதற்கென்று தனிப் பாதுகாப்பு அமைப்பைப் பொருத்தினார்கள்.

ராக்கெட்டின் வெளிப்புறக் காற்றோட்டத்துக்கு நான் அதிக நேரம் செலவிடவில்லை. இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் தலையிலுள்ள 3.2 மீட்டர் வெப்பக்கவசம் 2.8 மீட்டர் உடலை விட அகலமானது. மேக் 1-ஐ (ஒலிவேகத்தை) நெருங்கும்போது இப்படிப் புடைத்த தலைப்பகுதியில் அதிர்ச்சி அலை முன்னும் பின்னும் ஆடி அதிர்வை உண்டாக்கும் என்பதைப் புரிந்துகொண்டால் பெரும்பாலும் போதும்.

மற்றவை:
எண்விடைக் கேள்விக்கு எதிர்மதிப்பெண் இல்லை. அவற்றில் எதையும் வெற்றாக விடாதீர்கள்.
காமா 1.4 என்றால் அழுத்தச் சூத்திரத்தில் வரும் 3.5 அடுக்கைத் திரைக் கால்குலேட்டரில் போட்டுப் பழகுங்கள்.
மாதிரித் தேர்வுகளை எழுதிக் குவிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. என்னைப் போல நிதானமாகப் படிப்பவர்கள், பழைய தாள்களின் நாசில் கேள்விகளை எடுத்து, விடை காணாமல், அந்த எண் கோட்டில் எங்கே விழுகிறது என்று மட்டும் குறித்துப் பாருங்கள்.