ஆத்தங்குடிக் கல்லில் எண்ணிய 160 நாள்: போஷ் சட்டத்தை நான் படித்த விதம்

காரைக்குடியில் ஒரு பயிற்சி மையத்தில் குரூப் 1 முதன்மைத் தேர்வுக்கான மாதிரித் தேர்வு. 15 மதிப்பெண் கேள்வி ஒன்று: பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (சுருக்கமாக போஷ்) அரசுத் துறைகளில் எப்படி நடைமுறைப்படுத்தப்படுகிறது? கேள்வியைப் பார்த்ததும் எனக்கு ஒரே குஷி. சிவகங்கைச் சீமைக்காரி, வேலுநாச்சியாரை விட்டால் கட்டுரை தொடங்காது. அங்கே ஆரம்பித்து பெண் கல்வி, இட ஒதுக்கீடு, சமுதாய மாற்றம் என்று நாலு பக்கம் ஓட்டினேன். 15க்கு 4 வந்தது. திருத்தியவர் ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே கேள்வி எழுதியிருந்தார்: "குழு எங்கே? நாள் எங்கே?"

இதில் வெட்கப்பட வேண்டியது என்னவென்றால், அப்போதே நான் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். எத்தனை புகார், குழு இருக்கிறதா என்று இந்தச் சட்டம் பற்றி விவரம் கேட்கும் தபால் வருடத்துக்கு ஒரு முறையாவது என் மேசைக்குத்தான் வரும். தன்பதிவேட்டில் ஏற்றுவேன், கண்காணிப்பாளரிடம் கேட்பேன். "நம்ம ஆபீஸ்ல அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, இன்மைன்னு போட்டு அனுப்பிடுங்க" என்பார். அனுப்பிவிடுவேன். எத்தனை புகார் என்பதற்கு இன்மை சரி. ஆனால் புகாரை விசாரிக்கும் குழு இருக்கிறதா என்ற கலத்திலும் பழைய தாளைப் பார்த்து அப்படியே நகலெடுத்திருக்கிறேன். குடிதண்ணீர்க் கேனுக்குப் பின்னால், பீரோவின் நிழலில் அந்தக் குழுவின் பெயர்ப் பலகை தொங்கும். அதிலிருந்த குழுத் தலைவர் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியிருந்தது. உறுப்பினர் ஒருவர் வேறு மாவட்டத்துக்கு மாறுதலில் போய்விட்டார். நான் தினமும் அந்தக் கேனில்தான் தண்ணீர் பிடித்தேன்.

ஆகவே படிக்கிறவர்களுக்கு என் முதல் யோசனை: இந்தச் சட்டத்தைக் கட்டுரையாகப் படிக்காதீர்கள், கோப்பாகப் படியுங்கள். ஒரு மனு உள்ளே வருகிறது. யார் கைக்குப் போகிறது, எத்தனை நாளில் நகர்கிறது, எங்கே தேங்கும்? இவ்வளவுதான் கேள்வி.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து படித்தோம். பள்ளத்தூரில் ஓர் ஆச்சி தனியாக இருந்தார், பிள்ளைகள் எல்லாம் வெளியூர். வார இறுதியில் அவர் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில் உட்கார்ந்து படிக்க இடம் கொடுத்தார். தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். நாள் கணக்கு எங்களுக்கு மண்டையில் நிற்கவே இல்லை. 7, 10, 90, 10, 60 என்று எது எதற்கு என்பது குழம்பிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் தோழி ஒரு கல்லை ஒரு நாள் என்று வைத்து, புளியங்கொட்டையை எடுத்து நகர்த்த ஆரம்பித்தாள். 2026 காலண்டரை விரித்துக்கொண்டோம். ஜனவரி 12, திங்கட்கிழமை, பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு ஒரு பெண் ஊழியர் மனு கொடுத்தார் என்று வைத்தோம்.

மனுவின் ஆறு நகல்கள், ஆவணங்கள், சாட்சிகளின் பெயர், முகவரி. எழுதத் தெரியாதவர் என்றால் எழுதிக் கொடுக்கக் குழுவே உதவ வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். தொடர்ந்து நடந்தது என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ண வேண்டும். தகுந்த காரணம் இருந்தால், அதை எழுத்தில் பதிந்து இன்னும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். சரி, மனு வந்துவிட்டது. எதிர்த்தரப்புக்கு ஒரு நகலை 7 வேலை நாளில் அனுப்ப வேண்டும். இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். இது வேலை நாள். 15, 16, 17 பொங்கல் விடுமுறை, 18 ஞாயிறு. எண்ணிப் பாருங்கள், ஏழாவது வேலை நாள் 23-ஆம் தேதி வருகிறது. பதில் தர அவருக்கு 10 வேலை நாள். குடியரசு நாளையும் சனி, ஞாயிறுகளையும் கழித்தால் பிப்ரவரி 9. ஆனால் விசாரணைக்கான 90 நாள் வேலை நாள் அல்ல, வெறும் நாள். மனு வந்த நாளிலிருந்தே எண்ணினோம்: ஏப்ரல் 12. அறிக்கை கொடுக்க 10 நாள், ஏப்ரல் 22. அதன் மேல் அலுவலகத் தலைவர் நடவடிக்கை எடுக்க 60 நாள், ஜூன் 21. தை பிறக்கும் முன் கொடுத்த மனு ஆனியில் முடிகிறது. 160 கல். வளவின் ஒரு பக்கம் போதாமல் திரும்பி வர வேண்டியிருந்தது.

ஆச்சி வெள்ளைப் பணியாரத்தோடு வந்து நின்று பார்த்தார். "என்ன ஆத்தா, பல்லாங்குழியா?" என்றார். விளக்கிச் சொன்னோம். கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்தப் பிள்ளை இத்தனை நாளும் அந்த ஆளுக்கு எதுக்கவே உக்காந்து வேலை பாக்கணுமா?"

மூன்று பேரும் பதில் தெரியாமல் முழித்தோம். நோட்ஸில் இருந்தது, படிக்காமல் தாண்டியிருந்தோம். பிரிவு 12, இடைக்கால நிவாரணம். விசாரணை நடக்கும்போதே அந்தப் பெண் எழுதிக் கேட்டால், அவரையோ எதிர்த்தரப்பையோ வேறு இடத்துக்கு மாற்றவும், அவருக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரவும் குழு பரிந்துரைக்கலாம். அந்த விடுப்பு அவருடைய வழக்கமான விடுப்புக் கணக்கில் கழியாது. விதிகளின்படி, எதிர்த்தரப்பு அவருடைய ரகசியக் குறிப்பேட்டை (மேலதிகாரி வருடாவருடம் எழுதும் பணி மதிப்பீட்டை) எழுதக்கூடாது என்றும் தடுக்கலாம். அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தக் கடைசி வரியின் கனம் தெரியும். மேலதிகாரி மீது புகார் கொடுத்தவள் வருட முடிவில் அதே மேலதிகாரியின் பேனாவுக்குக் காத்திருக்க வேண்டும் என்றால் யார் புகார் கொடுப்பாள்? தேர்வில் இந்த இரண்டு வரி எழுதுகிறவர்கள் குறைவு. ஆச்சி கேட்ட கேள்வியை விடைத்தாளில் நானே கேட்டு நானே பதில் எழுதுவதை அதன்பின் வழக்கமாக்கிக்கொண்டேன்.

வரலாற்றுப் பகுதிக்கு அதிக இடம் ஒதுக்க வேண்டாம், ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிடாதீர்கள். பணியிடத்தில் இதைத் தடுக்க உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்த 1997 ஆகஸ்ட் 13 விசாகா தீர்ப்பு என்று எல்லோரும் எழுதுவார்கள். அதன் பின்னணியில் இருந்த பன்வாரி தேவி, ராஜஸ்தான் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராம அளவு ஊழியர். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது அவருடைய வேலை. அந்த வேலையைச் செய்ததற்காகத்தான் 1992-இல் அவர் தாக்கப்பட்டார். அதாவது இந்தச் சட்டத்தின் வேரே ஓர் அரசுத் திட்டத்தின் பணியிடத்தில் இருக்கிறது. கேள்வி அரசுத் துறைகளைப் பற்றியது என்றால் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. வேலுநாச்சியாருக்கு ஓய்வு கொடுக்கலாம். தீர்ப்புக்கும் சட்டத்துக்கும் நடுவே 16 வருடம். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2013 டிசம்பர் 9.

அப்புறம் குழு. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் ஒவ்வோர் அலுவலகத்திலும் உள்ளகக் குழு வேண்டும். தலைமை அலுவலகத்தில் ஒன்று இருக்கிறது, கிளைக்கு எதற்கு என்பது செல்லாது. மூத்த நிலைப் பெண் அலுவலர் தலைவர், ஊழியர்களில் குறைந்தது இரண்டு பேர், வெளியிலிருந்து தொண்டு நிறுவனம் சார்ந்த ஒருவர், மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், பதவிக் காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது. நடைமுறையில் முதலில் காணாமல் போவது அந்த வெளி உறுப்பினர்தான். அவருக்கு விதிப்படி ஒரு நாளைக்கு 200 ரூபாயும் பயணச் செலவும் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, புகாரே அலுவலகத் தலைவர் மீது என்றாலோ மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. நமக்கு என்றால் சிவகங்கை. செட்டிநாட்டின் சில ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பதால் அவர்களுக்குப் புதுக்கோட்டை.

அரசுத் துறை என்று கேட்டால் நடத்தை விதிகளையும் சேர்த்து எழுத வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-இல் 20-பி, மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964 விதிகளில் 3-சி. குழுவின் அறிக்கை வந்தபின் மறுபடி ஒரு விசாரணை அதிகாரியைப் போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை; குழுவே விசாரணை அதிகாரம் பெற்ற அமைப்பாகக் கருதப்படும். 17 பி குறிப்பாணை (ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு ஆணை) என்றாலே கை நடுங்குகிற நம் ஆட்களுக்கு இது சட்டென்று மனதில் நிற்கும்.

வேகம் பற்றி ஓர் எச்சரிக்கை. 90 நாள் என்றதும் சீக்கிரம் முடிப்பதே நல்லது என்று எழுதிவிடாதீர்கள். கோவா பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் தொடர்ந்த அவுரேலியானோ பெர்னாண்டஸ் வழக்கில், விசாரணையை அவசர அவசரமாக நடத்தி, தன் தரப்பைச் சொல்ல அவருக்குப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்று 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனை உத்தரவையே ரத்து செய்தது. அதே தீர்ப்பில்தான் எல்லா அரசுத் துறைகளிலும் குழு இருக்கிறதா என்று சரிபார்க்கச் சொன்னது. ஒழுங்காக நடத்தாத விசாரணையால் முதலில் தோற்பது புகார் கொடுத்த பெண்தான். அதேபோல் பொய்ப் புகாருக்குத் தண்டனை என்று எழுதினால், நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே பொய்ப் புகார் ஆகாது என்பதையும் உடனே எழுதுங்கள். பிரிவு 14 இரண்டையும் சேர்த்தேதான் சொல்கிறது.

இந்தச் சட்டத்தின் எல்லையையும் சொல்லத் தெரிய வேண்டும். கோப்பை முகத்தில் வீசுகிற அதிகாரி, எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டுகிறவர், கைநீட்டி அடிக்கிறவர், இவர்களெல்லாம் இதற்குள் தானாக வரமாட்டார்கள். கனடாவில் மத்திய அரசு அலுவலகங்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் துன்புறுத்தல், வன்முறை இரண்டுக்கும் சேர்த்தே ஒரே விதித் தொகுப்பு இருக்கிறது. ஆண், பெண் யாரும் புகார் செய்யலாம். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 190-ஆவது உடன்படிக்கையும் 2019-இல் அதே பார்வையோடு வந்தது. என் கருத்து, நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். இதை விடைத்தாளில் இரண்டு வரிக்கு மேல் நீட்டினால் நேரம் போய்விடும் என்பதும் என் அனுபவம்.

பலகைக்கு வருகிறேன். படிக்கப் படிக்க அந்தக் கேனுக்குப் பின்னால் இருந்தது உறுத்த ஆரம்பித்தது. குழுவைத் திருத்தியமைக்க அலுவலகக் குறிப்பு எழுதி வைத்தேன். குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம் என்ற பிரிவு 26-ஐ மட்டும் அடிக்கோடிட்டிருந்தேன். கண்காணிப்பாளர் இரண்டு முறை படித்தார், ஒன்றும் சொல்லாமல் சுருக்கொப்பம் போட்டார். கொஞ்ச நாளில் புதிய பலகை வந்தது. மாட்டும்போது, ஒப்பந்தத்தில் பெருக்க வரும் அக்கா பக்கத்தில் நின்று பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்தார். "இது ஆபீசர் அம்மாக்களுக்கு மட்டுமா, எங்களுக்குமா?" என்றார். ஒப்பந்தம், தினக்கூலி, பயிற்சியாளர் எல்லோரும் ஊழியர்தான், வேறு வேலையாக அலுவலகத்துக்கு மனு கொடுக்க வருகிற பெண்ணுக்குக்கூட இது பொருந்தும் என்றேன். "அப்படின்னா கொஞ்சம் கீழ இறக்கி மாட்டச் சொல்லுங்க, எனக்கு அண்ணாந்து படிச்சுக் கழுத்து வலிக்குது" என்றார். இறக்கி மாட்டினோம்.

அடுத்த மாதிரித் தேர்வில் இதே பகுதியிலிருந்து 15க்கு 9 வந்தது. ஒரு பக்கம் குறைவாகத்தான் எழுதியிருந்தேன்.

கடைசியாக ஒன்று: சந்தையில் கிடைக்கும் பழைய நோட்ஸில் இந்தக் குற்றங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 354-ஏ, 509 என்றுதான் இருக்கும். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அந்த இரண்டையும் அடித்துவிட்டு 75, 79 என்று எழுதிக்கொள்ளுங்கள்.