ஏழாவது ட்ரே: கறுப்பு குக்கீ எப்போது வெந்தது?

சர்க்கரை குறைத்த சாக்லேட் குக்கீக்கான என் முயற்சியில், நேற்றிரவு பத்தேகால் மணிக்கு ஏழாவது ட்ரே ஓவனிலிருந்து வெளியே வந்தது. ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்தென்ற ஈரம், சாக்லேட் துண்டுகள் உருகிப்போய் இழை இழையாக. அம்மா ஒன்றைக் கடித்தார். எதுவும் சொல்லவில்லை. இன்னொன்றுக்குக் கை நீட்டினார். போன மாதம் இரண்டாவது ட்ரேயைப் பார்த்து, "என்னடா தம்பி, வறட்டி தட்டி வச்சிருக்க?" என்று கேட்டவர் இவர்தான். அதனால் இதைக் கொஞ்சம் பெருமையாகவே எழுதுகிறேன்.

வறட்டி என்றதில் தப்பும் இல்லை. உள்ளங்கையால் அழுத்தியதில் ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தன. ஏன் அழுத்த வேண்டி வந்தது என்றால், முதல் ட்ரே பரவவே இல்லை. உருட்டி வைத்தது உருட்டி வைத்தபடி, பதினெட்டு கொழுக்கட்டை.

என் பழைய அளவு இது: மைதா 125 கிராம், வெண்ணெய் 115, சர்க்கரை 200, கோக்கோ 50, முட்டை ஒன்று, சாக்லேட் சிப்ஸ் 180. ருசிக்குக் குறையில்லை. ஆனால் அம்மாவுக்குச் சர்க்கரை நோய், பலதுறை மருந்தகத்துக்கு வழக்கமாகப் போய் வருகிறார். எனக்கும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. சரி, குறைப்போம் என்று ஒரே நாளில் சர்க்கரையைப் பாதியாக்கினேன், வெண்ணெயைக் குறைத்தேன், மைதாவை எடுத்துவிட்டு ஆட்டா போட்டேன். மூன்றையும் சேர்த்து மாற்றியதுதான் முட்டாள்தனம். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. ஓவனில் அது உருகி ஓடும்போதுதான் மாவும் கூட ஓடுகிறது. வெண்ணெயும் அப்படியே. இரண்டையும் குறைத்தால் மாவு நகராது, நாம்தான் தட்டிவிட வேண்டும். இப்போது எவர்சில்வர் டம்ளரின் அடியில் லேசாக எண்ணெய் தடவி அழுத்துகிறேன். வட்டமும் சரியாக வருகிறது, விரலும் பதிவதில்லை.

மூன்றாவது ட்ரேயில் வெண்ணெய்க்குப் பதில் வாழைப்பழம். மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "அப்பா, இது குக்கீ இல்ல, கேக்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். அதைப் பற்றி அவ்வளவு போதும்.

நான்காவதில் கருப்பட்டி. இங்கே சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் வாங்கி, ஆசையாகச் சீவிப் போட்டேன். வாசனை பிரமாதம், ஆனால் கடித்தால் நறநறவென்று மண். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் பாட்டிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் கரைத்தால் மாவில் தண்ணீர் ஏறும், குக்கீ மொறுமொறுக்காது. அதனால் குலா மெலாக்காவுக்கு, அதாவது மலாய்க்காரர்களின் தென்னை வெல்லத்துக்கு, மாறினேன். அதைக் கத்தியால் பூப்போலச் சீவி அப்படியே சேர்க்கலாம். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள், கரும்புச் சர்க்கரை கலந்தது நிறைய வருகிறது.

ஐந்தாவது, சோப்பு. காரம் சேர்த்துப் பதப்படுத்திய டச்சு கோக்கோவை வாங்கிவிட்டு, பழைய பழக்கத்தில் ஆப்ப சோடாவைப் போட்டுவிட்டேன். சாதாரண கோக்கோவில் இருக்கும் புளிப்பு சோடாவை அடக்கிவிடும். டச்சு கோக்கோவில் அந்தப் புளிப்பு கிடையாது, சோடா மிஞ்சி நாக்கில் நிற்கிறது. டச்சு கோக்கோ என்றால் பேக்கிங் பவுடர், அவ்வளவுதான். நிறம் மட்டும் அருமை, இரவு வானம் மாதிரி கறுப்பு.

அந்தக் கறுப்புதான் என் உண்மையான தலைவலி.

சாதாரண குக்கீ என்றால் ஓரம் பொன்னிறமானதும் எடுத்துவிடலாம். இது ஓவனுக்குள் போகும்போதே கறுப்பு, வெந்தாலும் கறுப்பு, கருகினாலும் கறுப்பு. குச்சி விட்டுப் பார்க்க இது கேக்கும் இல்லை. விட்டாலும் சாக்லேட் துண்டில் குத்தி எப்போதும் ஈரமாகத்தான் வரும். வாசனை வந்ததும் எடு என்கிறார்கள். என் அனுபவத்தில், வீடு முழுக்க வாசனை வரும்போது ஒரு நிமிடம் பிந்திவிட்டது. அந்த ஒரு நிமிடத்தில் கோக்கோ கசக்கிறது. சர்க்கரை நிறைய இருந்தால் அந்தக் கசப்பை மறைத்துவிடும், குறைத்துவிட்டால் மறைக்க ஆளில்லை.

ஆறாவது ட்ரேயில் பாதி கருகியது, பாதி பச்சை. ஒரே மாவு, ஒரே ட்ரே. அப்போதுதான் என் மேல் உள்ள சந்தேகம் ஓவன் மேல் திரும்பியது. எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறை மேடையில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஓவன் அது. உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்றை 12 வெள்ளிக்கு வாங்கி மாட்டினேன். இந்தப் பதிவில் ஒரே ஒரு வரியை மட்டும் படிப்பேன் என்பவர்களுக்கு: அந்த 12 வெள்ளியைச் செலவழியுங்கள்.

குமிழை 180இல் வைத்தேன். எட்டாவது நிமிடம் சூடாகிவிட்டதாக விளக்கு அணைந்தது. வெப்பமானி 155 காட்டியது. இருபதாவது நிமிடம்தான் 178க்கு வந்தது. அங்கேயும் நிற்கவில்லை. கம்பி எரிந்து அணைந்து எரிந்து அணைந்து, 160க்கும் 195க்கும் இடையில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக எந்தக் குறிப்பிலும் 180 என்று படித்து, எந்த நாளும் 180இல் சுடவில்லை நான்.

அடுத்து ரொட்டி சோதனை. ட்ரே முழுக்க ரொட்டித் துண்டுகளை இடைவெளி இல்லாமல் அடுக்கி ஐந்து நிமிடம் வைத்தேன். எங்கே சூடு அதிகம் என்று படம் வரைந்ததுபோல வந்துவிட்டது: இடது பின்மூலை கரி, வலது முன்பக்கம் வெளுப்பு. பாதி நேரத்தில் ட்ரேயைத் திருப்பினால் போதுமே என்றால், இவ்வளவு சின்ன ஓவனில் கதவைத் திறந்த கையோடு 30 டிகிரி இறங்கிவிடுகிறது. அதனால் திருப்புவதில்லை. அந்த மூலையைக் காலியாக விட்டுவிட்டு, ட்ரேக்கு எட்டு மட்டும் வைக்கிறேன். (ரொட்டியை வீணாக்கவில்லை. மறுநாள் காலை காயா (தேங்காய்ப்பால் ஜாம்) தடவித் தின்று தீர்த்தோம், கரியானதைத் தவிர.)

அப்புறம் நிமிடக் கணக்கு. பேக்கிங் பேப்பரில் பென்சிலால் 8, 9, 10, 11, 12 என்று எழுதி, ஒரே எடையில் ஐந்து உருண்டை. ஒவ்வொன்றாகத் தனித்தனியே சுட்டேன். மனைவி அன்று பேசவே இல்லை. வெளியே புழுக்கம், உள்ளே ஓவன், கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். எட்டு பச்சை மாவு. ஒன்பது நன்றாக இருந்தது, எடுத்தால் உடைந்தது. பதினொன்று அன்று அருமை, மறுநாள் பிஸ்கட். பன்னிரண்டு கசப்பு. ஆக, 30 கிராம் உருண்டைக்கு, வெப்பமானி 170 காட்டும்போது உள்ளே வைத்தால், பத்தரை நிமிடம்.

கண்ணுக்கும் ஓர் அடையாளம் கிடைத்தது. மேல்பரப்பு முதலில் ஈரமாகப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு ஓரத்திலிருந்து உள்நோக்கி மங்கிக்கொண்டே வரும். நடுவில் இருபது காசு அளவுக்குப் பளபளப்பு மிச்சமிருக்கும்போது எடுத்துவிட வேண்டும். முழுக்க மங்கிவிட்டால் பிந்திவிட்டது. இதைப் பார்க்க ஓவன் விளக்கு போதாது, கைப்பேசி டார்ச்சைச் சாய்வாக அடிக்கிறேன். எடுத்ததும் தொடக் கூடாது. சூடான ட்ரேயிலேயே எட்டு நிமிடம் விட்டால் மிச்சம் தானாக வெந்துவிடும்.

இப்போதைய அளவு: ஆட்டா 110, டச்சு கோக்கோ 40, வெண்ணெய் 70, குலா மெலாக்கா 95, வெந்நீரில் ஊறவைத்து அரைத்த பேரீச்சை 60, முட்டை ஒன்று, 70 விழுக்காடு சாக்லேட் 90 நறுக்கியது, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு தாராளமாக. மாவை ஓர் இரவு குளிர்பெட்டியில் வைப்பதைத் தவிர்க்காதீர்கள். ஆட்டாவின் தவிடு மெதுவாகத்தான் ஈரம் குடிக்கும். உடனே சுட்டால் வாயில் ரவை மாதிரி உரசும். வெண்ணெயை 'அறை வெப்பத்தில்' வைக்கச் சொல்லும் குறிப்புகள் நம் ஊருக்கு எழுதியவை அல்ல. இங்கே கால் மணி நேரம் வெளியே வைத்தால் களிம்பாகிவிடும். நான் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு துண்டு போட்டு அடிக்கிறேன்.

சரி, 'ஆரோக்கியம்' என்ற கணக்குக்கு வருகிறேன். நேற்று பெருமை தாங்காமல் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். குலா மெலாக்காவும் சர்க்கரைதான், பெயர்தான் அழகு. பேரீச்சையில் எடைக்கு மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. கறுப்புச் சாக்லேட்டிலும் கொஞ்சம் உண்டு. எல்லாம் சேர்த்து ஒரு குக்கீக்கு சுமார் 9 கிராம். பழைய முறையில் அதே அளவு குக்கீக்கு சுமார் 12.

மனைவியிடம் சொன்னேன். "மூணு கிராமுக்காகவா ஏழு ஞாயித்துக்கிழமை வீட்டை அடுப்பாக்குனீங்க?"

நார்ச்சத்து ஏறியிருக்கிறது, வெண்ணெய் இறங்கியிருக்கிறது என்று என்னவோ சொல்லிப் பார்த்தேன். அம்மா மட்டும் என் கட்சி, ஆனால் அவருக்கு வேண்டியது இரண்டாவது குக்கீ. டப்பாவை மேல் அலமாரிக்கு மாற்றிவிட்டேன்.

பொருள் விவரம் கேட்பவர்களுக்கு: கோக்கோவும் சாக்லேட்டும் பூன் ஹுவாட்டில் வாங்கினேன், பேரீச்சை முஸ்தபாவில், குலா மெலாக்கா கேலாங் சிராய் சந்தையில். அங்கே வாங்கச் சொன்னது பக்கத்து வீட்டு மலாய் அக்கா. அவருக்கு நான்கு குக்கீ கொடுத்தனுப்பினேன். டப்பா திரும்பி வந்தபோது உள்ளே ஓண்டே ஓண்டே இருந்தது, குலா மெலாக்காவை உள்ளே வைத்த மலாய்க் கொழுக்கட்டை. சர்க்கரைக் கணக்கு அங்கேயே காலி.

தீபாவளிக்குள் ஆட்டாவில் 30 கிராமைக் கேழ்வரகாக மாற்றிப் பார்க்க வேண்டும். கேழ்வரகில் பசைத்தன்மை இல்லை, உதிரும் என்று பயம். ஆனால் கோக்கோவோடு அதன் வறுத்த வாசனை சேரும் என்று மனம் சொல்கிறது. அதற்கு முன் இந்த மாவில் மிச்சம் பத்து உருண்டை உறைபெட்டியில் கிடக்கிறது. இளக வைக்காமல் நேராக ஓவனில் போட்டால் எத்தனை நிமிடம்? பன்னிரண்டு இருக்கும் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அனுமதி கிடைத்தால் பார்க்கிறேன்.