கல்வெட்டில் எழுதாமல் விட்டது

அப்பம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு அடித்த கல்வெட்டு, அந்த நினைவுப் புத்தகம், இப்போது என் மேசையில் கிடக்கிறது. நடுப்பக்கத்தில் வம்சாவளி. யார் யாருடைய பிள்ளை, யார் கனடாவில், யார் லண்டனில் என்று எல்லாம் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள், யார் என்ன நோய் வருத்தத்தில் செத்துப் போனார் என்பது மட்டும் இல்லை.

அதைத்தான் போன கிழமை சிவப்புப் பேனையால் எழுதத் தொடங்கினேன். ரொறன்ரோவில் இருக்கும் சின்ன மாமிக்கு 49 வயதில் இரைப்பைப் புற்றுநோய். குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா என்று டொக்டர் கேட்க, இல்லை என்று சொல்லிவிட்டு இரவே எனக்கு எடுத்தா. "பெரியண்ணைக்கு உண்மையில என்ன வருத்தம் பிள்ளை?"

பெரியப்பா 1994இல், 39 வயதில் போனவர். அல்சர் முற்றிவிட்டது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவருடைய கிளினிக் கொப்பி 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு போய்விட்டது. பெரியம்மாவிடம் கேட்டேன். திருவலையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவா பாதி மூடியைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் பேசவில்லை. "கான்சர்தான் பிள்ளை. கொக்காமாருக்குக் கலியாணம் பேசேக்கை பரம்பரை வருத்தம் எண்டு சனம் கதைக்கும் எண்டுதான் வெளியில விடேல்லை." எனக்கு அவா மேல் கோபம் வரவில்லை, ஆனால் முப்பது வருடம் பெரிய காலம்.

மாமியின் இரத்தத்தைச் சோதித்ததில் சிடிஎச்1 என்ற மரபணுவில் பிறழ்வு இருந்தது. இ-கேதரின் என்ற புரதத்தை உண்டாக்குவது அந்த மரபணுதான், செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைப்பது அந்தப் புரதம். கட்டு அவிழ்ந்த வேலியில் கிடுகு ஒவ்வொன்றாகக் கழன்று போகுமே, அந்த மாதிரி செல்கள் தனித்தனியாகப் பிரிந்து இரைப்பைச் சுவருக்குள்ளே பரவும். கட்டியாகத் திரளாததால் கமரா விட்டுப் பார்த்தாலும் தொடக்கத்தில் பிடிபடாமல் போகலாம், அதனால்தான் இந்தப் பிறழ்வு உள்ள சிலருக்கு நோய் வருமுன்பே முழு இரைப்பையையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். 1998இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பமொன்றில்தான் இதை முதலில் கண்டுபிடித்தார்கள்.

சரி, வயிறு எரிகிற எல்லோரும் பயப்பட வேண்டாம். இரைப்பைப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 1 முதல் 3 வரைதான் இப்படிப் பரம்பரையாக வருவது. ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற கிருமிதான் அதைவிடப் பெரிய காரணம், அதை மருந்து கொடுத்து அழிக்கலாம்.

சொந்தத்துக்குள் கட்டியதால் வந்தது என்று மாமா சொன்னார். அப்படியில்லை. தாய் தகப்பனில் ஒருவரிடம் இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணா பெண்ணா என்ற பேதம் கிடையாது. பெண்களுக்கு ஒருவகை மார்பகப் புற்றுநோயும் இதனால் வரலாம். அதைக் கேட்டதும் எனக்குப் பெரிய மாமியின் ஞாபகம் வந்தது. மார்பில் கட்டி, 2011. அதையும் எழுதினேன்.

இனி அப்பாவின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். அவரிடம் அந்தப் பிறழ்வு இல்லையென்றால் அவர் வழியாக எனக்கும் தம்பிக்கும் வந்திருக்காது. சொல்லத் தயங்கிக்கொண்டு கல்வெட்டை அவருக்கு முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுச் சிவப்பு எழுத்துகளை எல்லாம் வாசித்தார். பிறகு பேனையைக் கேட்டு வாங்கி, அப்பம்மாவின் தம்பி பெயருக்குப் பக்கத்தில், நான் கேள்விப்படவே இல்லாத ஒன்றை எழுதினார்: வயிறு, 41.