டெபாசிட் சட்டம் எங்கள் குடும்பத்தைத் தெருவுக்கு வராமல் காத்தது

2022-இல் கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் மாதம் 1,300 பவுண்டு வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் செக்‌ஷன் 21 நோட்டீஸ் கொடுத்தார். காரணமே சொல்லாமல் இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொல்ல அன்றைக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. புது வீட்டுக்கு ஐந்து வார வாடகை டெபாசிட், முதல் மாத வாடகை எல்லாம் கையில் வேண்டும். எங்களிடம் இருந்த 1,500 பவுண்டோ பழைய வீட்டு டெபாசிட்டாக வீட்டுக்காரரிடம் முடங்கிக் கிடந்தது.

56 நாளுக்குள் வீடு போகும் நிலையில் இருப்பவர்களுக்கு அந்தப் பகுதியின் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) உதவியே ஆக வேண்டும் என்று 2017-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. போய் விண்ணப்பித்தேன். நோட்டீஸைப் புரட்டிப் பார்த்த அதிகாரி கேட்டது ஒன்றுதான்: "டெபாசிட் எந்த ஸ்கீமில் இருக்கிறது?"

வாடகை டெபாசிட்டைப் பாதுகாக்க அரசு அங்கீகரித்த ஸ்கீம் ஒன்றில் வீட்டுக்காரர் அதைப் பதிவது 2007 ஏப்ரல் முதல் கட்டாயம். இப்போது அதற்குக் கெடு 30 நாள். விவரத்தை வாடகைதாரரிடம் எழுத்திலும் தர வேண்டும். எங்களுக்கு ஒரு தாளும் வந்ததில்லை. அன்று ராத்திரியே டிபிஎஸ், மைடெபாசிட்ஸ், டிடிஎஸ் என்ற மூன்று ஸ்கீம்களின் தளத்திலும் குடும்பப்பெயர், போஸ்ட்கோடு, குடிவந்த தேதி போட்டுத் தேடினேன். எதிலும் இல்லை.

டெபாசிட்டைப் பதியாமலும் திருப்பித் தராமலும் கொடுத்த செக்‌ஷன் 21 அன்றைய சட்டப்படி செல்லாது. வீட்டுப் பிரச்சினைகளுக்கு உதவும் ஷெல்ட்டர் என்ற தொண்டு அமைப்பின் ஹெல்ப்லைனில் பேசி இதை உறுதி செய்துகொண்டேன். தேடலின் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் பணம் அனுப்பிய பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் வைத்து வீட்டுக்காரருக்குக் கடிதம் போட்டேன். டெபாசிட் தொகையில் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை கோர்ட் அபராதம் போடும் என்பதையும் எழுதினேன். கவுன்சில் அதிகாரியும் அவரிடம் பேசினார். கோர்ட்டுக்குப் போகாமலே 1,500 திரும்பி வந்தது, மேலே இன்னொரு 1,500-உம் கொடுத்தார். பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும்வரை இருந்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

சட்டம் நல்ல சட்டம். ஆனால் பதிந்தார்களா என்று எந்த அலுவலகமும் தானாகப் பார்ப்பதில்லை, வாடகைதாரர்தான் கண்டுபிடித்துப் போராட வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் தடுமாறும் எத்தனையோ குடும்பங்கள் நோட்டீஸைக் கண்டதும் பயந்து மூட்டை கட்டிவிடுகின்றன. அப்படிச் செய்யாதீர்கள். நீங்களாகவே வெளியேறினால் வேண்டுமென்றே வீட்டை விட்டீர்கள் என்று கவுன்சில் கைவிரிக்கக்கூடும். ஏற்கெனவே காலி செய்துவிட்டவர்களும் பதியாத டெபாசிட்டுக்காக வழக்குப் போடலாம். பணம் கொடுத்த ஆதாரத்தை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.